கியர் பாக்ஸை இறக்குவதற்கு முன்னால்

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் சில வீடுகளின் கார் ஷெட்டில் இன்னும் பழைய ஸ்போர்ட்ஸ் கார் நிற்கிறது. கல்யாணம், படைப்பு (முன்னோருக்குப் படைக்கும் வழிபாடு) என்று வீடு திறக்கும்போதுதான் அதற்கும் சாவி போடுகிறார்கள். "அண்ணே, கியர் விழ மாட்டேங்குது" என்று போன் வரும். அதற்குள் யாராவது பாக்ஸை இறக்கச் சொல்லியிருப்பார்கள். தயவுசெய்து அவசரப்படாதீர்கள். நெடுநாள் நின்ற வண்டியில் பெரும்பாலும் கோளாறு, இன்ஜினையும் பாக்ஸையும் இணைத்துப் பிரிக்கும் கிளட்சில்தான் இருக்கும்.

இன்ஜினை அணைத்துவிட்டு கியர் போட்டுப் பாருங்கள். எல்லாம் சுலபமாக விழுந்து, இன்ஜின் ஓடும்போது மட்டும் முரண்டு பிடித்தால் கிளட்ச் சரியாகப் பிரியவில்லை. அப்புறம், இன்ஜின் ஓட, பெடலை அடிவரை மிதித்து ஐந்தாறு விநாடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். இந்த வண்டிகளில் ரிவர்ஸுக்கு சின்க்ரோ, அதாவது பல் கடிக்காமல் வேகத்தைச் சமன் செய்யும் ரிங், கிடையாது. கிளட்ச் பிரியாமல் உள்ளே ஷாஃப்ட் சுற்றிக்கொண்டிருந்தால் கர்ரென்று கடித்துக் காட்டிக்கொடுத்துவிடும்.

தேவகோட்டையிலிருந்து எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று இப்படித்தான் வந்தது. வேறொரு பட்டறையில் பாக்ஸ் வேலைக்குப் பெரிய தொகை சொல்லியிருந்தார்கள். பையனை பெடல் மிதிக்கச் சொல்லிவிட்டுக் கீழே படுத்துப் பார்த்தேன். பெடலின் அழுத்தத்தை ஆயில் வழியாக வாங்கி கிளட்சைத் தள்ளுவது ஸ்லேவ் சிலிண்டர். ஏறக்குறைய அரை அங்குலம் நகர வேண்டிய அதன் ராடு லேசாக அசைந்ததோடு நின்றுவிட்டது. ரப்பர் உறையை விலக்கினால் உள்ளே பிரேக் ஆயில் சொதசொதவென்று இருந்தது. ரப்பர் கிட் மாற்றி, லைனில் காற்றை எடுத்ததும் ரிவர்ஸ் சத்தமில்லாமல் விழுந்தது. ராடு முழுசாக நகர்ந்தும் கிளட்ச் பிரியவில்லை என்றால், கிளட்ச் பிளேட் துருப்பிடித்து, இன்ஜின் முனையில் சுற்றும் ஃப்ளைவீலோடு ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இன்னொன்று. 1962இல் வந்த எம்ஜிபியில் 1967 வரை முதல் கியருக்கு சின்க்ரோவே இல்லை. வண்டி உருளும்போது அதைப் போட்டால் கடிக்கத்தான் செய்யும். அது பழுது அல்ல. அப்பச்சி காலத்து டிரைவர்கள் டபுள் கிளட்ச் போட்டு (நியூட்ரலில் ஒரு தடவை பெடலை விட்டு மறுபடி மிதித்து) ஓட்டியது அதற்காகத்தான். மற்ற கியரெல்லாம் ஒழுங்காக விழுந்து இரண்டாவது மட்டும் கடித்தால், அந்த சின்க்ரோ ரிங் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம்.

சத்தத்தையும் கவனியுங்கள். பெடலை மிதித்தால் மட்டும் வரும் சத்தம், கிளட்சைத் தள்ளும் ரிலீஸ் பேரிங். நியூட்ரலில் உறுமி, மிதித்ததும் அடங்கினால் பாக்ஸுக்குள் இருக்கும் பேரிங். ஒன்று, இரண்டு, மூன்றில் உறுமல் இருந்து நாலாவதில் குறைந்தால் பாக்ஸுக்குள் இருக்கும் துணை ஷாஃப்டான லேஷாஃப்டின் பேரிங்கைச் சந்தேகப்படுங்கள். நாலாவது நேரடி கியர், அதில் லேஷாஃப்டுக்குப் பாரம் இல்லை.

ஆயிலை ஒரு வெள்ளைத் தட்டில் வடித்துப் பாருங்கள். மஞ்சள் மினுமினுப்பு என்றால் பித்தளை சின்க்ரோ ரிங் தேய்மானம். காந்தத்தில் ஒட்டும் செதில் என்றால் பேரிங்கோ பல்லோ போய்க்கொண்டிருக்கிறது. அப்போது தயங்காமல் பாக்ஸை இறக்குங்கள். கெட்டியாக இருந்தால் நல்லது என்று நினைத்து ஜிஎல்-5 என்ற ரக கியர் ஆயிலை ஊற்றுவதைத்தான் என்னால் பொறுக்க முடிவதில்லை. அதிலுள்ள கந்தக மருந்து பித்தளையை அரிக்கக்கூடும். எம்ஜிபி பாக்ஸுக்கு நிறுவனம் சொன்னதே இன்ஜின் ஆயில்தான்.

வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குக் கிளம்புகிறவர்கள், மாதம் ஒரு தடவை வண்டியை ஸ்டார்ட் செய்து, கிளட்சை நாலைந்து முறை மிதித்து, முன்னும் பின்னும் நகர்த்தி வைக்கும்படி டிரைவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.