இன்ஜின் ஆயில் குறைகிறது: எது இயல்பு, எது கோளாறு?

ஆயில் மாற்றி மூவாயிரம் கிலோமீட்டர் ஓடிய காரில் டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு காட்டும் கம்பி) உருவிப் பார்த்தால், மேல்கோட்டில் நின்ற ஆயில் பாதிக்கு இறங்கியிருக்கிறது. கீழே ஒழுகின தடம் எதுவும் இல்லை. "வண்டி ஆயில் குடிக்குது, இன்ஜினை இறக்கணும்" என்கிறார் ஒருவர். "ஓடுற வண்டின்னா அப்படித்தான்" என்கிறார் இன்னொருவர். இருவருமே அளக்காமல் சொல்கிறார்கள். ஆயிரம் கிலோமீட்டருக்கு எத்தனை மில்லி போகிறது, அந்த அளவு போன முறையைவிடக் கூடியிருக்கிறதா என்ற இரண்டும் தெரிந்தால்தான் பதில் சொல்ல முடியும்.

நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் எதுவானாலும் கொஞ்சம் ஆயிலை எரிக்கத்தான் செய்யும். பிஸ்டனின் மூன்று ரிங்குகளில் கடைசியாக இருப்பது ஆயில் ரிங். போர் (பிஸ்டன் ஓடும் சிலிண்டர் துளை) சுவரில் தெறிக்கும் ஆயிலை வழித்து, அதன் பள்ளத்தில் உள்ள சிறு துளைகள் வழியாக, இன்ஜின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்புக்கே திருப்பி அனுப்புவது அதன் வேலை. ஒட்ட வழித்துவிட்டால் ரிங்கும் போரும் வெறும் உலோகமாக உரசிக்கொள்ளும். அதனால் மெல்லிய படலம் ஒன்று சுவரில் மிச்சம் இருந்தாக வேண்டும். அதில் ஒரு துளியளவு ஒவ்வொரு முறை எரிபொருள் எரியும்போதும் சேர்ந்து எரிகிறது.

அது எவ்வளவு சிறிய பங்கு என்பதை ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். போரின் விட்டம் 70 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 70 மி.மீ. உள்ள நான்கு சிலிண்டர் இன்ஜின் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சிலிண்டரின் சுவர்ப் பரப்பு சுமார் 154 சதுர செ.மீ. அதன்மேல் ஒரு மைக்ரான் கனத்தில் ஆயில் படர்ந்திருந்தால் அது 0.0154 மில்லி. மணிக்கு 50 கி.மீ. வேகத்தில், 2500 ஆர்பிஎம்மில் ஆயிரம் கிலோமீட்டர் ஓட 20 மணி நேரம் ஆகும். அதற்குள் நான்கு சிலிண்டரிலும் சேர்த்து 60 லட்சம் முறை எரிபொருள் எரிகிறது. அந்தப் படலம் ஒவ்வொரு முறையும் முழுதாக எரிந்தால் 92 லிட்டர் ஆயில் வேண்டும்! நல்ல இன்ஜினில் 100 மில்லிதான் குறைகிறது என்றால், படலத்தில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்குதான் எரிகிறது. ரிங்கின் வேலை இவ்வளவு நுணுக்கமானது. ஆயில் ரிங்கின் துளைகளில் கரி அடைத்தால் கணக்கு ஏன் சட்டென்று மாறிவிடுகிறது என்பதும் இதிலிருந்தே புரியும்.

எரிவது போக, ஆவியாகியும் கொஞ்சம் போகும். ஆயிலை 250 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் சூடாக்கி, எத்தனை சதவீதம் ஆவியாகிறது என்று பார்ப்பதுதான் நோவாக் சோதனை. பெட்ரோல் கார் ஆயிலுக்கான ஐஎல்எஸ்ஏசி ஜிஎஃப்-6 தரத்தில் இதன் உச்சவரம்பு 15 சதவீதம். இளக்கமான கிரேடு, நெடுஞ்சாலையில் நீண்ட நேரம் அதிக ஆர்பிஎம் இரண்டும் சேர்ந்தால், ஊருக்குள் ஓட்டும்போது குறையாத ஆயில் அந்தப் பயணத்தில் குறையும்.

சில கார் தயாரிப்பாளர்கள் 1000 கி.மீ.க்கு அரை லிட்டர் வரை, சிலர் ஒரு லிட்டர் வரைகூட ஏற்கத்தக்கது என்று மேனுவலில் எழுதுகிறார்கள். அதை வாரண்டிக்கான எல்லைக்கோடு என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஆரோக்கியமான இன்ஜின் அதன் அருகிலேயே போகாது. எங்கள் அளவுகோல் இது: காரில் 1000 கி.மீ.க்கு 100 மில்லிக்குள் இருந்தால் கவலை வேண்டாம். 300 மில்லி வரை கண்காணிப்பு. அதற்கு மேல் காரணத்தைத் தேடியாக வேண்டும். புது இன்ஜினில் ரிங் போரோடு படியும் வரை சற்றுக் கூடுதலாகக் குறைந்து, பிறகு தணியும். தணியாமல் போனால்தான் யோசிக்க வேண்டும்.

பைக்கில் இந்த எண்கள் செல்லாது. பல பைக்குகளின் சம்ப்பில் மொத்தமே ஒரு லிட்டர்தான். அதில் 300 மில்லி போனால் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது என்று பொருள். அதே ஆயில்தான் கியர்பாக்ஸுக்கும் கிளட்ச்சுக்கும். பல பைக்குகளில் காற்றில் குளிரும் இன்ஜின் என்பதால் சூடும் அதிகம், பிஸ்டனுக்கும் போருக்கும் விட்டிருக்கும் இடைவெளியும் அதிகம். ஆயில் பிரஷர் விளக்கு இல்லாத பைக்குகளும் ஏராளம். அதனால் 1000 கி.மீ.க்கு 50 மில்லியைத் தாண்டினாலே பைக்காரர் வாரம் ஒருமுறை டிப்ஸ்டிக் பார்ப்பது நல்லது.

இனி அளப்பது. "ஆயில் குறையுது" என்ற புகாரில் பாதி, அளப்பதில் நேர்ந்த பிழையாகத்தான் இருக்கும். ஆயில் மாற்றியதும் காலி ஃபில்டர் தனக்கென 200, 300 மில்லி உறிஞ்சிக்கொள்ளும். எனவே இன்ஜினை இரண்டு நிமிடம் ஓடவிட்டு, நிறுத்தி, மறுபடி மேல்கோடு வரை ஊற்றிய பிறகே கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். சமதரையில், சூடான இன்ஜினை அணைத்து, 5 முதல் 10 நிமிடம் விட்டுப் பார்க்க வேண்டும். டிப்ஸ்டிக்கைத் துடைத்து, முழுக்கச் செருகி, எடுத்து, இரண்டு பக்கமும் பாருங்கள். தாழ்ந்து காட்டும் பக்கம்தான் சரி. பைக்கை சைடு ஸ்டாண்டில் சாய்த்துப் பார்த்தால் அளவு தப்பும். சென்டர் ஸ்டாண்டில் நிமிர்த்த வேண்டும். டிப்ஸ்டிக்கைத் திருகி மூடிப் பார்ப்பதா, திருகாமல் வைத்துப் பார்ப்பதா என்பது பைக்குக்கு பைக் மாறும், மேனுவலைப் பாருங்கள். 1000 கி.மீ. ஓடியதும் மறுபடி மேல்கோட்டுக்குக் கொண்டுவர எத்தனை மில்லி ஊற்றினோம் என்று 50 மில்லி சிரிஞ்சால் அளந்து எழுதி வையுங்கள். இப்படி மூன்று முறை எழுதினால் போதும், இன்ஜினின் போக்கு தெரிந்துவிடும்.

ஆயில் குறையவே இல்லை என்றாலும் சந்தேகப்பட இடம் உண்டு. தினமும் ஐந்து கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டியில் இன்ஜின் முழுச் சூட்டை எட்டாது. எரியாத பெட்ரோல் ரிங் வழியே சம்ப்பில் இறங்கும். டிபிஎஃப் (புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) உள்ள டீசல் கார் தன் ஃபில்டரைச் சுத்தம் செய்யும் சுற்றைப் பாதியில் அணைத்துக்கொண்டே வந்தாலும் டீசல் இறங்கும். எரிந்த ஆயிலின் இடத்தை எரிபொருள் நிரப்புவதால் டிப்ஸ்டிக் அப்படியே காட்டும். பிறகு ஒரு நீண்ட பயணம் போனால் பெட்ரோல் ஆவியாகி, ஆயில் மட்டம் ஒரே நாளில் விழும். மட்டம் ஏறுவது, குறைவதைவிட மோசம். டிப்ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள். எரிபொருள் வாடை அடித்தால் கணக்கெல்லாம் அப்புறம், முதலில் ஆயிலை மாற்றுங்கள்.

உண்மையிலேயே குறைகிறது என்று உறுதியானால் முதலில் வெளிக்கசிவைப் பாருங்கள். ஓடும்போது நூறு மீட்டருக்கு ஒரு சொட்டு விழுந்தால்கூட 1000 கி.மீ.யில் அரை லிட்டரை நெருங்கும். நிறுத்தினால் சொட்டு நின்றுவிடும், அடித்தகடு தடத்தையும் மறைத்துவிடும். டிரெயின் போல்ட்டில் பழைய வாஷரையே திரும்பப் போட்டது, பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் ஒட்டிக்கொண்டிருக்க அதன்மேலேயே புது ஃபில்டரை இறுக்கியது, டேப்பட் கவர் பேக்கிங், கிராங்க் சீல், பைக்கில் முன் ஸ்ப்ராக்கெட்டுக்குப் பின்னால் உள்ள சீல் ஆகியவற்றை முதலில் பாருங்கள்.

வெளியே காய்ந்திருந்தால் புகையைக் கவனியுங்கள். நீலம்தான் ஆயில், எப்போது நீலமாகிறது என்பதுதான் துப்பு. இரவெல்லாம் நின்ற வண்டி காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு கொத்து நீலப்புகை விட்டு, பிறகு தெளிந்தால் வால்வ் சீல். ரப்பர் இறுகிப்போனதால் ஆயில் இரவில் வால்வ் கைடு வழியே சொட்டியிருக்கும். நீண்ட இறக்கத்தில் கியரில் இறங்கி, மறுபடி ஆக்சிலேட்டரை அழுத்தும்போது புகைத்தாலும் அதே குற்றவாளிதான். ஏற்றத்தில் முழு பாரத்தில் தொடர்ந்து புகைத்தால் ரிங் அல்லது போர். டர்போ இன்ஜினில், உள்ளே போகும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸைக் கழற்றிப் பாருங்கள்; ஆயில் தேங்கி நின்றால் டர்போ சீலையோ அதன் வடிகுழாயையோ சோதிக்க வேண்டும். டீசலில் இதைத் தள்ளிப்போடவே கூடாது. அந்த ஆயிலையே எரிபொருளாக்கிக்கொண்டு, சாவியைத் திருப்பினாலும் நிற்காமல் இன்ஜின் வெறிகொண்டு ஓடக்கூடும். இன்னொன்று: புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் உள்ள வண்டியில் கொஞ்சம் ஆயில் எரிவது புகையாகத் தெரியாமலே போகலாம்.

புகையைப் பார்த்ததும் இன்ஜினைப் பிரிக்கச் சம்மதிக்காதீர்கள். சம்ப்பில் சேரும் வாயுவை வெளியேற்றும் பிசிவி வால்வ் அடைத்துக்கொண்டால் சம்ப்பில் அழுத்தம் ஏறி, ஆயில் காற்றுக்குழாய் வழியே உள்ளே இழுக்கப்படும். சின்னப் பாகம், மாற்ற அரை மணி நேரம். பைக்கில் மேல்கோட்டைத் தாண்டி ஆயில் ஊற்றியிருந்தால் பிரீத்தர் குழாய் வழியே ஏர் ஃபில்டர் நனையும். உபரியை வடித்தாலே தீர்ந்துவிடும்.

சிலிண்டர் எவ்வளவு அழுத்தம் தாங்குகிறது என்று அளக்கும் கம்ப்ரஷன் டெஸ்டில் ஒரு பொறி இருக்கிறது. அளவு குறைவாக வந்தால் ஸ்பார்க் பிளக் துளையில் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மறுபடி அளப்பார்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வ். இதுவரை சரிதான். ஆனால் கம்ப்ரஷனைத் தாங்குவது மேல் ரிங்குகள். ஆயில் ரிங் கரியில் இறுகி ஒட்டிக்கிடந்தாலும் கம்ப்ரஷன் முழுதாக வரும். "கம்ப்ரஷன் நல்லா இருக்கு, அதனால ரிங் இல்ல" என்ற தீர்ப்பை நம்பி வால்வ் சீல் மாற்றி, பிறகும் ஆயில் குறைகிற வண்டிகள் நிறைய. பிளக் துளை வழியே சிறு கேமராவை விட்டு, பிஸ்டன் தலையின் ஓரம் ஆயிலில் கழுவியதுபோல் பளபளக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஓரம் முழுக்கக் கழுவியிருந்தால் ரிங் பக்கம்தான் தேட வேண்டும்.

ரிங் ஒட்டியிருப்பதாகத் தெரிந்தால், சரியான தர ஆயிலைப் போட்டு, மாற்றும் இடைவெளியைப் பாதியாக்கி, இரண்டு மூன்று முறை பாருங்கள். லேசான ஒட்டல் விடும். தேய்ந்த போர் இதற்கெல்லாம் மசியாது. கனமான கிரேடுக்குப் போவதாக இருந்தால் மேனுவலில் அனுமதித்த கிரேடுகளுக்குள் மட்டும். பைக்கில் கார் ஆயிலை ஊற்றவே வேண்டாம். ஜேஏஎஸ்ஓ எம்ஏ அல்லது எம்ஏ2 (பைக் ஆயிலுக்கான ஜப்பானிய தரக்குறி) என்று டப்பாவில் இல்லாவிட்டால் கிளட்ச் வழுக்கக்கூடும்.

காரணம் தெரியும் வரை டாப் அப் செய்து ஓட்டுவதில் தவறில்லை. பல கார்களில் கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் இடையே சுமார் ஒரு லிட்டர். 200, 250 மில்லியாக ஊற்றி ஊற்றிப் பாருங்கள். சிவப்பு ஆயில் விளக்கு வரட்டும் என்று மட்டும் காத்திருக்காதீர்கள். அது ஆயில் அளவைக் காட்டும் விளக்கு இல்லை, அழுத்தம் விழுந்துவிட்டதைச் சொல்வது. வளைவில் திரும்பும்போது ஒரு கணம் மின்னினால்கூட, பம்ப் ஆயிலுக்குப் பதில் காற்றை இழுத்திருக்கிறது என்று அர்த்தம். ஓரங்கட்டி, அந்த இடத்திலேயே இன்ஜினை அணையுங்கள்.