"அடிச்சாத்தான் உண்மை வரும்" என்று இன்னும் எத்தனை பேர் என்னிடம் சொல்வீர்கள்?

காவலில் அடிபட்டு வெளியே வந்தவர்களுக்குச் சிகிச்சை தரும் மனநல மருத்துவர் நான். போன வாரமும் ஒருவர் வந்தார். நாள்கணக்கில் தூங்கவிடாமல் வைத்து, நீட்டிய தாளிலெல்லாம் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். கூட வந்த உறவினர், நன்றாகப் படித்தவர், அவரை வைத்துக்கொண்டே சொல்கிறார்: "டாக்டர், இவன் விஷயத்துல தப்பு நடந்துடுச்சு, ஒத்துக்கிறேன். ஆனா பொதுவா அடிக்காம எவன் உண்மையைச் சொல்வான்? புஷ் அப்படிச் செஞ்சதாலதானே பின்லேடனையே பிடிச்சாங்க?"

இதைக் கேட்டுக் கேட்டு எனக்குப் பொறுமை போய்விட்டது.

முன்னாள் அமெரிக்க அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் இன்று படம் வரையும் பெரியவராக, செனட்டர் மெக்கெயின் இறுதிச் சடங்கில் மிஷெல் ஒபாமாவுக்கு மிட்டாய் கொடுத்தவராகப் பலர் மனதில் பதிந்திருக்கிறார். 2003-ல் அவர் தொடங்கிய எய்ட்ஸ் திட்டம் லட்சக்கணக்கான உயிர்களைக் காப்பாற்றியது, அதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் 9/11 தாக்குதலுக்குப் பிறகு அவர் ஆட்சியில் அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏ கைதிகளை வதைத்த விஷயத்தையும் "கடுமைதான், ஆனா பலன் கிடைச்சுதே" என்று அதே கணக்கில் சேர்க்கிறார்கள் பாருங்கள், அங்கேதான் பிரச்சினை.

பலன் கிடைக்கவில்லை. அமெரிக்க செனட்டின் உளவுத்துறைக் குழு 2014 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கையைப் பாருங்கள். பின்லேடனுக்குச் செய்தி கொண்டுபோன ஆளைப் பற்றிய மிகத் துல்லியமான தகவலைச் சொன்னவர் ஹசன் குல் என்ற கைதி. அவரைச் சித்திரவதை செய்வதற்கு முன்பே சொல்லிவிட்டார், அதற்குப் பிறகுதான் வதைத்தார்கள். அபு சுபைதா என்ற இன்னொரு கைதியும் அப்படித்தான். 2002-ல் காயத்தோடு கிடந்தவரைக் கவனித்துக்கொண்டே அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐயின் அலி சௌஃபான் பேச்சுக் கொடுத்தார், 9/11-க்குப் பின்னால் இருந்தவர் காலித் ஷேக் முகமது என்பது அப்போதே தெரிந்துவிட்டது. அப்புறம் ஆகஸ்டில் சிஐஏ அதே ஆளின் முகத்தில் துணி போட்டு 83 முறை தண்ணீர் ஊற்றி மூச்சுத் திணறடித்தது. அவரிடம் இருப்பதாக நம்பிய அடுத்த தாக்குதல் திட்டம் எதுவும் வரவில்லை.

சில சமயம் வதைத்தபோது பதில் வந்தது, ஆனால் பொய்யாக. விசாரணைக்காக எகிப்துக்கு அனுப்பப்பட்ட கைதி இப்னு அல்-ஷேக் அல்-லிபி, அல்-கொய்தாவுக்கு இராக் அரசு இரசாயன ஆயுதப் பயிற்சி தந்தது என்று சொன்னார். கேட்டவர்கள் எதிர்பார்த்த பதில் அதுதான். 2003 பிப்ரவரி 5-ல் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பாவெல் ஐ.நா.வில் அதை எடுத்து வைத்தார், அடுத்த மாதம் இராக் மீது போர். 2004-ல் அல்-லிபி தான் சொன்னதெல்லாம் பொய் என்றார்.

வலியில் இருப்பவர் வலியை நிறுத்தும் பதிலைத் தேடுவார், அது உண்மையா என்று பார்க்கும் நிலையில் அவர் இருக்க மாட்டார். தூக்கம் கெட்டால் மட்டுமே போதும். 2016-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஒரே ஓர் இரவு விழித்திருந்தவர்களில் பாதிப் பேர் செய்யாத தவறைச் செய்ததாக எழுதிய தாளில் கையெழுத்துப் போட்டார்கள்; தூங்கியவர்களில் 18 சதவீதம்தான். சிஐஏ கைதிகளை 180 மணி நேரம் வரை தூங்கவிடாமல் வைத்தது.

என் துறைக்காரர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இந்த முறைகளை வகுத்துக் கொடுத்த ஜேம்ஸ் மிட்செல், புரூஸ் ஜெசன் இருவரும் உளவியலாளர்கள், அதற்கு முன் ஒரு விசாரணைகூட நடத்தியிராதவர்கள். கொரியப் போரில் அமெரிக்க வீரர்களிடம் பொய் வாக்குமூலம் வாங்கப் பயன்பட்ட முறைகளைத் தாங்கப் பழக்கும் பயிற்சி ஒன்று உண்டு, அதிலிருந்து எடுத்தார்கள். அவர்களது நிறுவனத்துக்குப் போன பணம் 8.1 கோடி டாலர். அமெரிக்க உளவியல் சங்கம் இத்தகைய விசாரணைகளில் தன் உறுப்பினர்கள் பங்கேற்கத் தடை போட்டது 2015-ல். எவ்வளவு தாமதம்!

சிஐஏ பிடித்து வைத்த 119 பேரில் குறைந்தது 26 பேரைப் பிடித்ததே தவறு என்கிறது அதே செனட் அறிக்கை. 183 முறை நீரூற்றப்பட்ட காலித் ஷேக் முகமது 2003-ல் பிடிபட்டவர், அவர் மீதான வழக்கு இன்னும் முழு விசாரணைக்கே வரவில்லை. வதைத்துப் பெற்றதை நீதிமன்றத்தில் எப்படி வைப்பது? 9/11-ல் பிள்ளைகளை இழந்தவர்களுக்கும் இதனால் நீதி கிடைக்கவில்லை.

அதனால் தொலைக்காட்சி விவாதத்தில் யாராவது "அடிச்சதால உண்மை வந்துச்சு" என்றால், அடிப்பதற்கு முன் வந்ததா பின் வந்ததா என்று தேதியைக் கேளுங்கள். தேதி தெரியாமல் அந்தத் துணுக்கைக் குடும்ப வாட்ஸ்அப்பில் தள்ளாதீர்கள்.

வீட்டில் காவலிலிருந்து வந்தவர் இருந்தால் தயவுசெய்து அவர் முன்னால் இந்த விவாதமே வேண்டாம். நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைக்காதீர்கள். நாளும் நேரமும் மாற்றிச் சொன்னால் பொய்யர் என்று முடிவு கட்டாதீர்கள், அதிர்ச்சியில் நினைவு அப்படித்தான் குழம்பும். காயங்களை உடனே மருத்துவரிடம் காட்டிப் பதிவு செய்யுங்கள், ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். தூக்கமில்லாமல் தவித்தாலோ, சாகணும் என்று பேசினாலோ அன்றைக்கே எங்களிடம் கூட்டி வாருங்கள்.