டூக்கான் இருவாச்சி இல்லை

நேற்றும் ஒரு காட்டுயிர்ப் படத்தில், தமிழ்க் குரல் கொடுத்தவர் "அமேசான் அடர்காட்டு இருவாச்சி" என்று உருகிக்கொண்டிருந்தார். திரையில் உட்கார்ந்திருந்தது டூக்கான் என்னும் தென் அமெரிக்கப் பறவை. கறுப்பு உடம்பு, வெள்ளைக் கழுத்து, ஆரஞ்சு அலகு, அதன் நுனியில் மை தொட்டு வைத்ததுபோல் ஒரு கறுப்பு. இது எத்தனையாவது தடவை என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன்.

டூக்கான் என்ற சொல்லின் கதை சின்னது. பிரேசில் பழங்குடிகளின் துப்பி மொழியில் துக்கானா, போர்ச்சுகீசியத்தில் துக்கானோ, அப்புறம் பிரெஞ்சு வழியாக ஆங்கிலம்.

இருவாச்சி என்பது இருவாய்ச்சி. அலகின் மேல் இன்னொரு அலகைக் கவிழ்த்தாற்போல் ஒரு புடைப்பு இருக்கிறதே, அதனால்தான் இரண்டு வாய். டூக்கானுக்கு அந்தப் புடைப்பே கிடையாது, ஒரே வாய்தான், பிறகு எப்படி அது இருவாச்சி? அமெரிக்கக் கண்டங்களின் காடுகளில் இருவாச்சி இனமே இல்லை. ஆனைமலைப் பக்கம் பெண் இருவாச்சி மரப்பொந்துக்குள் போய் வாசலைப் பூசி அடைத்துக்கொள்ளும், ஒரு கீறல் வழியாக ஆண் பழம் ஊட்டும். டூக்கானும் பொந்தில்தான் முட்டையிடுகிறது, ஆனால் அடைப்பதில்லை, ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கும். சொந்தம் என்று பார்த்தால் அதற்குப் பங்காளி மரங்கொத்தியும், நம் தோப்பில் நாள் முழுக்கக் கத்தும் குக்குறுவானும்தான். கால் விரல்களைக் கவனித்திருந்தால் போதும், முன்னால் 2, பின்னால் 2. அலகைத் தாண்டிப் பார்த்தால்தானே!

அடர்காடு என்றதுகூடத் தப்பு. திரையில் இருந்த டோக்கோ என்னும் டூக்கான் வகை, மரங்கள் விட்டு விட்டு நிற்கும் பிரேசிலின் செராடோ புல்வெளிக்கும் பந்தனால் சதுப்புக்கும் உரியது. சுமார் 20 செ.மீ. நீள அலகு வழியாக உடம்புச் சூட்டை வெளியேற்றுகிறது என்று 2009இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். திறந்தவெளி வெயிலில் இருப்பதற்கு அது எவ்வளவு உதவும்! குரல் கொடுத்தவருக்கோ தென் அமெரிக்கா என்றாலே அடர்காடுதான்.

சரி, டூக்கானைத் தமிழில் என்னவென்று அழைப்பது? தனித்தமிழ் நண்பர்கள் 'பேரலகன்' என்கிறார்கள். கூழைக்கடாவுக்கு மட்டும் சின்ன அலகா? அலகு பெரிதான பறவைக்கெல்லாம் இந்தப் பெயரை வைக்கலாம், அதனால்தான் எதற்கும் வைக்க முடியாது.

என் கட்சி தூக்கான். டகரம் தமிழில் சொல்லுக்கு முதலில் வராது, போர்ச்சுகீசிய ஒலியும் நம் தகரத்துக்குத்தான் கிட்ட. காலணியைக் குறிக்கும் அவர்களுடைய சபாத்து நமக்குச் சப்பாத்து ஆனதே, சப்பாட்டு ஆகவில்லையே. முதல் எழுத்தைக் குறிலாக விட்டால் துக்கம் வந்து ஒட்டிக்கொள்கிறது, அதனால் நெடில். "தூக்க மாட்டான் என்றல்லவா பொருள்படும்" என்று ஒருவர் கேட்டார். படட்டும், பார்க்கத்தான் அவ்வளவு பெரிய அலகு, உள்ளே நுரைபோல இருப்பதால் எடை கம்மி, தூக்க அங்கே என்ன இருக்கிறது? துப்பிச் சொல் தமிழுக்கு ஆகாது என்பவர்கள் முதலில் அன்னாசிக்கு வேறு பெயர் தேடட்டும், அதுவும் அதே துப்பி வீட்டிலிருந்து அதே கப்பலில் வந்ததுதான்.