எஸ்டிகே விழுந்தாலும் செயலி நிற்கக் கூடாது

மலேசியாவின் சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரச் செம்பனைத் தோட்டங்களில் காலைப் பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு), குலைக் கணக்கு எல்லாம் கைப்பேசிச் செயலிக்கு வந்துகொண்டிருக்கிறது. இந்தச் செயலிகளை எழுதும் பிள்ளைகளிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது, அனலிடிக்ஸ் எஸ்டிகே (செயலியின் பயன்பாட்டைக் கணக்கெடுக்க வெளியார் எழுதித் தரும், செயலிக்குள் சேர்க்கும் கோட் தொகுப்பு) படுத்துவிட்டாலும் மண்டோர் (வேலை மேற்பார்வையாளர்) குலைக் கணக்கைப் போட முடிய வேண்டும் என்பதைத்தான்.

2020 மே 6 அன்று பேஸ்புக் தன் சர்வரில் செய்த ஒரு மாற்றத்தால், அதன் எஸ்டிகே இருந்த ஸ்பாட்டிஃபை, டிக்டாக் போன்ற ஐபோன் செயலிகள் திறந்ததும் மூடிக்கொண்டன. ஜூலை 10 அன்று மறுபடியும் அதே கதை. செயலிக்காரர்கள் தங்கள் கோடில் ஒரு வரியைக்கூட மாற்றியிருக்கவில்லை.

அதனால் முதலில், செயலி திறந்ததும் எஸ்டிகே தானாகவே எழும் ஆட்டோ இனிஷியலைஸ் வசதியை நிறுத்துங்கள். எஸ்டிகேவை எழுப்புவதா வேண்டாமா என்பதை உங்கள் சொந்த சர்வரிலிருந்து வந்து போனில் சேமித்து வைத்த ஒரு சுவிட்ச் முடிவு செய்யட்டும். பிழையைப் பிடிக்கும் ட்ரை கேட்ச் கோட் போட்டால் போதும் என்று நினைக்காதீர்கள், எஸ்டிகே தன் சொந்த த்ரெட்டில் (தனியாக ஓடும் வேலை இழையில்) விழுந்தால் உங்கள் கேட்ச் அதைப் பிடிக்காது. அப்புறம், ஒவ்வொரு திரையிலும் எஸ்டிகேவை நேரடியாகக் கூப்பிடாமல் நடுவில் ஒரு இன்டர்ஃபேஸ் (இடைமுகக் கோட்) வைத்து, நிகழ்வுப் பெயர்களை, அதாவது பதியும் ஒவ்வொரு செயலுக்கும் வைக்கும் பெயர்களை, எனம் (enum) என்ற மாறாத பட்டியலில் பூட்டி வையுங்கள். கூகுளின் அனலிடிக்ஸ் சேவையான ஃபயர்பேஸில் ஆங்கிலப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாறினாலே வேறு நிகழ்வு. பெயர் 40 எழுத்துக்குள் இருக்க வேண்டும், ஒரு நிகழ்வுக்கு 25 பாராமீட்டர்தான் (கூடவே அனுப்பும் விவரங்கள்).

தோட்டத்தில் பெரிய தலைவலி போன் லைன். உள் பிளாக்குகளில் லைன் கிடைக்காது, சாயங்காலம் ரோட்டுப் பக்கம் வந்ததும் எல்லாம் மொத்தமாகப் போகும். சர்வருக்கு வந்து சேர்ந்த நேரத்தை வைத்து எண்ணினால், காலையில் பதிந்த குலைக் கணக்கெல்லாம் சாயங்காலம் ஏழு மணிக்குப் பதிந்ததாகக் காட்டும். அதை நம்பி நிர்வாகம் வேலை நேரத்தை மாற்றினால் அடிபடுவது வெட்டுக்காரர்கள்தான். சொந்த சர்வருக்கும் அனுப்புகிறீர்கள் என்றால், நடந்த நேரம், வந்த நேரம் இரண்டையும் வையுங்கள். ஒவ்வொரு நிகழ்வுக்கும் போனிலேயே ஒரு தனி ஐடி உருவாக்குங்கள். ஏனென்றால் அனுப்பியது போய்ச் சேர்ந்து, பதில் மட்டும் வழியில் தொலைந்தால், போன் அதையே மறுபடி அனுப்பும். ஐடி இருந்தால்தான் சர்வர் இரண்டாவதைத் தள்ளும். மறுமுயற்சிகளுக்கு இடையே நேரத்தைக் கூட்டிக்கொண்டே போங்கள், அனுப்பக் காத்திருக்கும் வரிசைக்கும் ஒரு உச்ச அளவு வையுங்கள், இல்லையென்றால் மலிவான போன்களில் இடம் நிரம்பிவிடும்.

ஐசி (மலேசிய அடையாள அட்டை) எண்ணை மட்டும் தயவுசெய்து நிகழ்வில் சேர்க்காதீர்கள். அந்த 12 இலக்கத்திலேயே பிறந்த தேதி, பிறந்த மாநிலம், ஆணா பெண்ணா எல்லாம் தெரிந்துவிடும். 2010 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, அதன் கொள்கைகளை மீறினால் அபராதம் 10 லட்சம் ரிங்கிட் வரை போகலாம். தரவு கசிந்தால் ஆணையருக்கு 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்ற விதியும் 2025 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. ஆளைக் குறிக்க எந்த அர்த்தமும் இல்லாத ஒரு ரேண்டம் ஐடி போதும்.

ஒரே போனை இரண்டு மூன்று மண்டோர்கள் மாற்றி மாற்றிப் பிடிக்கும் இடத்தில், லாக் அவுட் ஆகும்போது ஆளைக் குறிக்கும் அந்த ரேண்டம் ஐடியையும் அழித்துவிடுங்கள். இல்லையென்றால் அடுத்தவர் பதிவது முதலாமவர் கணக்கில் ஏறும்.