சேற்றில் எஞ்சும் ஒற்றைப்படைக் கணக்கு

கடலோர வண்டலில் கலந்திருக்கும் கரிமப் பொருள் ஆறு அடித்துவந்த இலைதழையா, கடலிலேயே விளைந்த பாசியா என்பதை எவ்வாறு பிரித்தறிகிறார்கள் என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்.

தொடக்கப் படிகள் எளியவை. சேற்றை உலர்த்திப் பொடித்து, சிப்பித் துகள்களின் கார்பனேட்டை நீர்த்த அமிலத்தால் நீக்கிவிட்டு, மிஞ்சியதை எரித்து வாயுக்களை அளக்கிறார்கள். புரதம் மிகுந்த மிதவைப் பாசிகளில் ஒரு நைட்ரஜன் அணுவுக்கு 6 அல்லது 7 கார்பன் அணுக்களே இருக்கும். செல்லுலோசும் லிக்னினும் நிறைந்த நிலத்தாவரங்களிலோ அது பெரும்பாலும் 20-ஐத் தாண்டும். ஆனால் களிமண் துகள்கள் அம்மோனியத்தைப் பற்றிக்கொள்வதால் இந்த விகிதம் ஏமாற்றுவதுண்டு. எடையில் வேறுபட்ட இருவகைக் கார்பன் அணுக்களின் விகிதமான கார்பன் ஐசோடோப்பு விகிதமும் முழுமையாக நம்பத்தக்கதன்று; மரங்களின் எச்சமும் வெப்பமண்டலப் புற்களின் எச்சமும் கலந்தால், அக்கலவையின் மதிப்பு கடற்பாசியின் மதிப்பைப் போலவே அமைந்துவிடலாம்.

எனக்கு மிகவும் பிடித்த சாட்சி இலைமேல் படிந்திருக்கும் மெழுகுதான். தாவரச் செல்கள் கொழுப்பு அமிலத்தை இரண்டு கார்பன் கொண்ட துண்டுகளை ஒவ்வொன்றாகக் கோத்தே கட்டுகின்றன என்பதால், சங்கிலி 28, 30, 32 என்று இரட்டைப்படையாகவே வளர்கிறது. அதைக் கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே கொண்ட ஆல்க்கேனாக மாற்றும் கடைசிக் கட்டத்தில் முனையிலுள்ள ஒரு கார்பன் கழன்றுவிட, 27, 29, 31 ஆகிய ஒற்றைப்படை நீளங்களே மிகுகின்றன. கரைப்பானால் பிரித்தெடுத்த சாற்றை கலவையின் சேர்மங்களைத் தனித்தனியே பிரித்துக் காட்டும் வாயு குரோமட்டோகிராபி கருவியில் செலுத்தினால், வரைபடத்தில் ஒன்றுவிட்டு ஒன்று உயர்ந்து நிற்கும் முகடுகளாக இந்தக் கணக்கு தெரிகிறது. இலை மட்கிப் பல்லாயிரம் ஆண்டுகள் கழிந்தாலும் அது அழிவதில்லை. கச்சா எண்ணெயிலோ, நிலத்தடி வெப்பம் சங்கிலிகளைக் கண்ட இடத்தில் முறித்துவிட்டதால், ஒற்றையும் இரட்டையும் ஏறக்குறைய சமமாகவே இருக்கும். சேற்றில் எண்ணெய்க் கசிவு கலந்திருப்பதை இந்த வேறுபாடே காட்டிக்கொடுக்கிறது.

விரல் பட்டால்கூடத் தோலின் கொழுப்பு மாதிரியில் கலந்துவிடும் அளவுக்கு நுட்பமான வேலை இது. கருவி வாங்கத் தாராளமாக நிதி ஒதுக்குவோர், அதைக் கையாளத் தேர்ந்த ஆய்வக ஊழியரை நிலையாக வைத்துக்கொள்ளத் தயங்குவது எனக்கு விளங்குவதேயில்லை.

மெழுகுக்கும் ஒரு குறை உண்டு. பாசிகள் தரும் 17 கார்பன் கொண்ட குட்டைச் சங்கிலிகளை நுண்ணுயிரிகள் விரைவில் தின்றுவிட, நீண்டவை மட்டும் எஞ்சுவதால், நிலத்தின் பங்கு உள்ளதைவிடக் கூடுதலாகத் தோன்றக்கூடும். ஆகவேதான் மெழுகின் சாட்சியத்தையும் விகிதங்களோடு ஒப்பிட்ட பிறகே ஏற்கிறார்கள்.