கிம்மெரிட்ஜ் கரையில் வேகாத பாறை

இங்கிலாந்தின் தென்கரையில், டார்செட் பகுதியில், கிம்மெரிட்ஜ் என்றொரு சிற்றூர் இருக்கிறது. அதன் விரிகுடாவைச் சுற்றி நிற்கும் செங்குத்தான கரைகளில் கருஞ்சாம்பல் நிறக் களிப்பாறை ஏடு ஏடாகப் படிந்திருக்கிறது. அந்த ஏடுகளில் மிகக் கறுத்த ஒன்றைப் பெயர்த்து நெருப்பிலிட்டால், கந்தக வீச்சத்துடன் புகைந்து எரியும்; ஊர்மக்கள் ஒரு காலத்தில் அதை விறகுக்கு மாற்றாக எரித்தார்கள், உரோமானியர் ஆட்சிக் காலத்தில் அதையே கடைந்து வளையல்களும் செய்தார்கள். கரையின் மேலே, 1959ஆம் ஆண்டு தோண்டப்பட்ட ஓர் எண்ணெய்க் கிணற்றின் மீது, தலையாட்டிக் கொண்டே ஒரு பம்பு நெடுங்காலமாக எண்ணெய் இறைத்து வருகிறது. கீழே எரியும் பாறை, மேலே எண்ணெய்ப் பம்பு என்று இரண்டையும் ஒருசேரப் பார்ப்பவர், பாறையின் எண்ணெயைத்தான் பம்பு இறைக்கிறது என்று முடிவுகட்டுவது இயல்பு. ஆனால் அது தவறு. அந்த எண்ணெய் சுமார் 550 மீட்டர் ஆழத்தில், விரிசல்கள் நிறைந்த ஒரு சுண்ணாம்புக்கல் படிவத்திலிருந்து வருகிறது. அது பிறந்த இடமோ அந்தச் சுண்ணாம்புக்கல்லும் அல்ல, அதற்கும் கீழே இருக்கும் லயாஸ் என்னும் இன்னும் பழைய களிப்பாறை. கண்ணெதிரே கரையில் நிற்கும் பாறை இன்றுவரை ஒரு துளி எண்ணெயையும் ஈன்றதில்லை.

இதில் வியப்பு என்னவென்றால், இதே கிம்மெரிட்ஜ் களிப்பாறைதான் வடக்கே வட கடலின் அடியில் பிரிட்டனுக்கும் நார்வேக்கும் பெருமளவு எண்ணெயை அளித்தது. பாறை ஒன்று, வயது ஒன்று, அதிலுள்ள சரக்கும் ஏறக்குறைய ஒன்று. ஆனால் ஓரிடத்தில் அது எண்ணெயை ஈனும் மூலப்பாறை, இன்னோரிடத்தில் வெறும் கறுத்த களி. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டால் பெட்ரோலியத்தின் கதையில் பாதி புரிந்துவிடும்.

சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முன், ஜுராசிக் காலத்தின் பிற்பகுதியில், இன்றைய வடமேற்கு ஐரோப்பாவின் பெரும்பகுதி ஆழம் குறைந்த, வெதுவெதுப்பான கடலாக இருந்தது. எண்ணெய் டைனோசர்களின் உடலிலிருந்து வந்தது என்று பள்ளிக் குழந்தைகள் மட்டுமல்ல, பெரியவர்களும் நம்புகிறார்கள்; உண்மையில் அது கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகளின் கொடை. கடலின் மேற்பரப்பில் மிதந்து வாழ்ந்து மடிந்த இந்த உயிரிகளின் உடல்கள் அடியை நோக்கி ஓயாமல் இறங்கிக்கொண்டே இருந்தன. பொதுவாக அவ்வாறு இறங்குவதில் நூறில் ஒரு பங்குகூடச் சேற்றில் தங்குவதில்லை, ஏனெனில் நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனைக் கொண்டு பாக்டீரியாக்களும் பிற உயிரிகளும் அதைத் தின்று தீர்த்துவிடும். கிம்மெரிட்ஜ் கடலில் பல காலகட்டங்களில் அடிநீரில் ஆக்சிஜன் தீர்ந்து போயிருந்தது. இன்றைய கருங்கடலில் சுமார் 150 மீட்டருக்குக் கீழே உள்ள நீர் ஆக்சிஜன் இன்றி, ஹைட்ரஜன் சல்பைடு கலந்து கிடப்பதைப் போன்ற நிலை அது. தின்பதற்கு ஆள் இல்லாத இடத்தில் உணவு மிஞ்சும். அப்படி மிஞ்சிய கரிமப்பொருள் நுண்ணிய களிமண்ணோடு கலந்து, அதன் மேல் அடுத்த அடுக்கு படிந்து, புதைந்தது.

புதைந்த கரிமப்பொருள் உடனே எண்ணெய் ஆகிவிடுவதில்லை. முதல் சில நூறு மீட்டர் ஆழத்திற்குள் அதன் புரதங்களும் சர்க்கரைகளும் சிதைந்து, எஞ்சியவை ஒன்றோடொன்று பிணைந்து, எந்தக் கரைப்பானிலும் கரையாத ஒரு கெட்டிப் பொருளாக மாறுகின்றன. ஸ்காட்லாந்து வேதியியலாளர் அலெக்சாண்டர் கிரம் பிரவுன் 1906இல் இதற்குக் கெரோஜன் என்று பெயரிட்டார். மெழுகைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அதன் வேர். பாசிகளிலிருந்து வந்த கெரோஜனில் ஹைட்ரஜன் மிகுதி, ஆகவே அது எண்ணெய் தரும். நிலத் தாவரங்களின் மரக்கட்டையிலிருந்து வந்ததில் ஹைட்ரஜன் குறைவு, அது பெரும்பாலும் எரிவாயுவையே தரும்.

எண்ணெய்க்கு உயிரிகளே மூலம் என்பதற்கான மிக அழகிய சான்றை 1930களில் ஜெர்மானிய வேதியியலாளர் ஆல்ஃபிரெட் டிரைப்ஸ் கண்டறிந்தார். கச்சா எண்ணெயில் அவர் பிரித்தெடுத்த போர்ஃபிரின் என்னும் மூலக்கூறுகள், பச்சையத்தின் வளையக் கட்டமைப்பை அப்படியே ஒத்திருந்தன. நடுவில் மக்னீசியம் இருக்க வேண்டிய இடத்தில் வனேடியமோ நிக்கலோ உட்கார்ந்திருந்தது, அவ்வளவுதான். கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்த பின்னும் இலையின் பச்சை தன் எலும்புக்கூட்டை விட்டுச் சென்றிருக்கிறது.

இனி வேக்காட்டுக்கு வருவோம். பூமிக்குள் ஒவ்வொரு கிலோமீட்டர் இறங்கும்போதும் வெப்பநிலை சராசரியாக 25 முதல் 30 பாகை செல்சியஸ் வரை உயரும். பாறை ஏறத்தாழ 60 பாகையைத் தாண்டும்போது கெரோஜனின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் அறுபடத் தொடங்கி, திரவ எண்ணெய் பிரிகிறது. 120 பாகையைத் தாண்டி மேலும் சூடேறினால் கெரோஜன் மட்டுமன்றி, ஏற்கெனவே உருவான எண்ணெயும் சிறுசிறு துண்டுகளாக உடைந்து மீத்தேனில் போய் முடிகிறது. இந்த எல்லைகள் கல்லில் எழுதியவை அல்ல, ஏனென்றால் இங்கே காலமும் ஒரு விறகு: குறைந்த சூட்டில் நெடுங்காலம் கிடந்த பாறையும், கூடுதல் சூட்டில் சிறிது காலம் இருந்த பாறையும் ஒரே பதத்தை எட்டக்கூடும். ஆய்வுக்கூடத்தில் இதே வேலையைச் சில நிமிடங்களில் முடிக்கிறார்கள். ஒரு சிட்டிகைப் பாறைத்தூளைச் சிறு உலையில் இட்டு 300 பாகையிலிருந்து படிப்படியாகச் சூடேற்றினால், முதலில் ஏற்கெனவே விடுதலையாகியிருந்த எண்ணெய் ஆவியாகிறது. பிறகு கெரோஜன் உடைந்து இரண்டாவது அலை கிளம்புகிறது. இந்த இரண்டாவது அலை உச்சத்தை எட்டும் வெப்பநிலை சுமார் 435 பாகைக்குக் கீழே இருந்தால் பாறை இன்னும் வேகவில்லை என்று பொருள். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் பார்ப்பதற்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

கிம்மெரிட்ஜ் கரையின் பாறை இந்தச் சோதனையில் அரைவேக்காடுகூட ஆகவில்லை. அது ஒருபோதும் போதிய ஆழத்திற்குப் புதையவில்லை. வட கடலின் நடுவிலோ, பூமியின் மேலோடு இழுபட்டு நீண்ட பள்ளங்களாக அமிழ்ந்ததால், அதே பாறை மூன்று, நான்கு கிலோமீட்டருக்கும் கீழே சென்று வெந்தது. இத்தகைய ஆழ்பள்ளங்களை அடுப்பங்கரை என்று பொருள்படும் சொல்லால்தான் எண்ணெய் நிலவியலாளர்கள் குறிக்கிறார்கள். வட கடலின் தெற்குப் பகுதியில் கதை வேறு: அங்கே அடியில் இருப்பவை கடல் பாசி படிந்த களிப்பாறைகள் அல்ல, 30 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய நிலக்கரிப் படிவங்கள். நெதர்லாந்தில் 1959இல் கண்டுபிடிக்கப்பட்ட குரோனிங்கன் என்னும் மாபெரும் எரிவாயு வயல் அந்த நிலக்கரி ஈன்ற பிள்ளை.

வெந்ததும் எண்ணெய் வெளியேற வேண்டும், இதுதான் கதையின் முடிச்சு. களிப்பாறையின் துளைகள் மீட்டரில் நூறு கோடியில் சில பங்கு அகலமே உள்ளவை. நீரால் நனைந்த அத்தகைய துளைக்குள் ஓர் எண்ணெய்த் துளி நுழைவதற்குப் பேரழுத்தம் தேவை. அந்த அழுத்தத்தைக் கெரோஜனே உண்டாக்கிக் கொள்கிறது. கெட்டிப் பொருள் திரவமாகவும் வாயுவாகவும் மாறும்போது அதற்கு வேண்டிய இடம் கூடுகிறது. மேலே கிலோமீட்டர் கணக்கில் பாறையின் சுமை அழுத்துகிறது. வெளியேற வழியில்லாத திரவத்தின் அழுத்தம் ஏறிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் பாறையையே மயிரிழை விரிசல்களாகப் பிளந்துவிடுகிறது. விரிசல் வழியே ஒரு பங்கு எண்ணெய் பீறிட்டு வெளியேறியதும் அழுத்தம் தணிந்து விரிசல் மூடிக்கொள்கிறது, பின்னர் மீண்டும் அழுத்தம் சேர்கிறது. பாறையில் கெரோஜன் மிகக் குறைவாக இருந்தால் இந்த அழுத்தம் சேர்வதே இல்லை. உருவான சிறிதளவு எண்ணெய் கெரோஜனிலேயே ஒட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிடும்.

வெளியே வந்த எண்ணெய் மணற்கல் போன்ற ஊடுபுகவிடும் பாறையை எட்டினால் பயணம் எளிதாகிறது. அந்த மணற்கல்லின் துளைகள் முழுவதும் உப்புநீர் நிறைந்திருக்கும். எண்ணெய் நீரைவிட இலேசானது, ஆகவே மேலே ஏற முயலும். ஆனால் இரண்டு மணற்பரல்களுக்கு இடையிலான குறுகிய கழுத்தில் நுழைய ஒரு துளி தன் உருண்டை வடிவத்தைக் குறுக்கி நீண்டாக வேண்டும், தனித்துளிக்கு அந்த வலு கிடையாது. துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து உயரமான ஓர் இழையாக நீண்ட பிறகே, அதன் மிதப்பு விசை கழுத்தை வெல்லும். எனவே எண்ணெய் மணற்கல் முழுவதையும் நனைத்துக்கொண்டு செல்வதில்லை. படிவத்தின் மேல்விளிம்பை ஒட்டி, ஒடுங்கிய சில தடங்களில், சரிவின் மேற்புறம் நோக்கி ஊர்ந்து செல்கிறது. வழியில் களிப்பாறையோ உப்புப்படிவமோ கூரையாகக் கவிந்திருந்தால் அங்கே தேங்குகிறது. குரோனிங்கன் வாயுவைக் காத்தது மணற்கல்லின் மேல் போர்த்திய கெட்டியான உப்புப்படிவம். இந்த மூடுபாறை எண்ணெயைத் தடுப்பதும் அதே கழுத்துக் கணக்கினால்தான்: கூரையின் துளைகள் எவ்வளவு நுண்ணியவையோ, அவ்வளவு உயரமான எண்ணெய்த் தேக்கத்தை அது தாங்கும்.

ஒரு தேக்கம் நிரம்பி வழிந்தால் நடப்பதைக் கனடிய நிலவியலாளர் வில்லியம் கசோ 1954இல் விளக்கினார். வாயு மேலே சேர, எண்ணெய் கீழே தள்ளப்பட்டு, தேக்கத்தின் கீழ் விளிம்பு வழியாக எண்ணெய்தான் முதலில் தப்பி அடுத்த மேட்டை நோக்கிப் போகிறது. அதனால் ஆழத்தில் உள்ள முதல் தேக்கத்தில் வெறும் வாயுவும், அதற்கு மேலே சற்றுத் தொலைவில் உள்ளதில் எண்ணெயும் கிடைக்கலாம். எது மேலே மிதக்கும் என்ற எளிய எண்ணத்தோடு தேடுபவர் ஏமாறுவார்.

தேக்கம் சரியான காலத்தில் அமைந்திருக்க வேண்டும் என்பது இன்னொரு நிபந்தனை. டார்செட்டின் விட்ச் ஃபார்ம், மேற்கு ஐரோப்பாவின் நிலப்பகுதியிலுள்ள மிகப் பெரிய எண்ணெய் வயல். அதன் எண்ணெயும் லயாஸ் களிப்பாறையின் பிள்ளைதான், ஆனால் அந்த வயலுக்கு நேர் அடியில் வெந்தது அல்ல. தெற்கே ஒரு பெரும் நிலப்பிளவுக்கு அப்பால் லயாஸ் ஆழமாகப் புதைந்திருந்தபோது வெந்து, பிளவைத் தாண்டி வடக்கே வந்து சேர்ந்தது. பிற்காலத்தில் ஆல்ப்ஸ் மலைகளை எழுப்பிய நெருக்கலில் தெற்குப் பகுதி உயர்ந்துவிட்டதால் அந்த அடுப்பு அணைந்தது. வடக்கிலிருந்த தேக்கம் சற்றுத் தாமதமாக உருவாகியிருந்தால், அதை நிரப்ப எதுவும் வந்திருக்காது. இதே போன்ற மேடு பள்ள அமைப்பைக் காவிரிப் படுகையிலும் காணலாம். தஞ்சைச் சமவெளியின் வண்டலுக்கு அடியில், கோண்டுவானா நிலப்பரப்பு உடைந்தபோது உருவான தரங்கம்பாடி, நாகப்பட்டினம் முதலிய பள்ளங்களும், அவற்றைப் பிரிக்கும் கும்பகோணம் போன்ற பாறைமேடுகளும் புதைந்து கிடக்கின்றன. பள்ளங்களின் அடியிலுள்ள கிரிட்டேசியஸ் காலக் களிப்பாறைகள் வெந்து தந்ததைத்தான் நரிமணம் போன்ற வயல்களில் எடுக்கிறார்கள்.

பொதுவாக மூலப்பாறை ஈன்ற எண்ணெயில் சிறு பங்கே தேக்கங்களை எட்டுகிறது. ஒரு பங்கு பாறையை விட்டு வெளியேறுவதே இல்லை. டெக்சாஸில் ஜார்ஜ் மிட்சலின் நிறுவனம் 1990களின் இறுதியில், நீரைப் பேரழுத்தத்தில் செலுத்திக் களிப்பாறையையே பிளந்து வாயுவை எடுத்துக் காட்டியது, இயற்கை கெரோஜனின் அழுத்தத்தால் செய்ததை மனிதன் பம்பைக் கொண்டு செய்ததே ஆகும். இன்னொரு பங்கு தரைமட்டத்தை நெருங்கி, பாக்டீரியாக்களுக்கு இரையாகி, கனத்த தாராகிவிடுகிறது. கனடாவின் அதபாஸ்கா தார்மணல் அப்படிப்பட்ட பேரளவு மிச்சம். மற்றொரு பங்கு கசிந்தே போகிறது. கிம்மெரிட்ஜுக்கு மேற்கே, ஆஸ்மிங்டன் மில்ஸ் என்னும் இடத்துக் கடற்கரையில், மங்கிய பழுப்பு மணற்கல் ஒன்று கரையில் துருத்தி நிற்கிறது. அதை ஒரு சுத்தியலால் தட்டி உடைத்து முகர்ந்தால், புதிதாக நிரப்பிய மண்ணெண்ணெய் விளக்கின் வாடை வரும்.