கையேட்டில் நரம்பு, ஊசியில் கொழுப்பு

‘ஸ்டெம் செல்’ (வேறு வகை செல்லாக மாறக்கூடிய மூல செல்) ஊசி போட்டுக்கொண்டு என்னிடம் வந்தவர்களில் இந்த மாதம் இவர் மூன்றாவது ஆள். இருபது வருடச் சர்க்கரை, கால் நரம்பு கெட்டுவிட்டது. ராத்திரியானால் பாதம் மிளகாய் அரைத்துப் பூசியதுபோல் எரிகிறது என்றார். அவர் ஃபைலைப் பிரித்ததும், ஊசி போட்ட இடத்தின் வழவழப்பான கையேடு ஒன்று. கறுப்புப் பின்னணியில் பச்சையாக ஒளிரும் நரம்பு செல். “இதைத்தான் சார் ஊசியா போட்டாங்க. மக நகைய அடகு வச்சுக் கட்டினேன்.”

ஐயா, அந்தப் படம் ஆய்வகத் தட்டில் எடுத்தது. உங்களுக்குப் போட்டது உங்கள் தொப்பையிலிருந்து உறிஞ்சிய கொழுப்பு.

எத்தனை முறை சொன்னாலும் தீராத விஷயம் இது. ‘ஸ்டெம் செல்’ என்று பெயர் இருந்தால் எல்லாம் ஒன்றல்ல. கொழுப்பில் கிடைக்கிற செல், காலில் குத்தியதும் நரம்பாகிவிடாது. நரம்பு வேண்டுமென்றால், ஜப்பானிய விஞ்ஞானி யமனாகா 2007இல் மனித செல்லில் செய்துகாட்டியபடி, தோல் செல்லை முதலில் கருநிலைக்குத் திருப்ப வேண்டும். பிறகு வாரக்கணக்கில் ஊட்டக்கரைசலை மாற்றி மாற்றி வளர்க்க வேண்டும். காலையில் உறிஞ்சி மத்தியானம் குத்துகிற இடத்தில் இது எப்படி நடக்கும்? அதோடு, பாதத்தில் வலியை உணரும் நரம்பின் செல் பாதத்திலேயே இல்லை. கீழ்முதுகில், முதுகெலும்பை ஒட்டிய நரம்பு முடிச்சில் இருக்கிறது. பாதம்வரை வருவது அதன் இழைதான், ஏறக்குறைய ஒரு மீட்டர். (மருத்துவ மாணவர்களே இதைத் தேர்வில் தப்பாக எழுதுவார்கள்.)

தட்டில் வளரும் அந்த நரம்பு செல்லின் வேலை வேறு. எரித்ரோமெலால்ஜியா என்று ஒரு பரம்பரை நோய். லேசான சூட்டுக்கே கால் தணலாகிவிடும். அந்த நோயாளிகளின் செல்லிலிருந்து வளர்த்த நரம்புகளும் சூடு பட்டால் அளவுக்கு மீறித் துடித்தன, நரம்புக்குள் சோடியம் நுழையும் Nav1.7 என்ற வாசலை அடைக்கும் மருந்து கொடுத்ததும் அடங்கின. 2016இல் வெளியான ஆய்வு. மருந்தைச் சோதிக்க அருமையான வழி. ஆனால் அந்த செல்லை யாருடைய காலிலும் ஏற்றவில்லை. வலியை அடக்கும் நரம்பு செல்களைத் தண்டுவடத்தில் பதித்துப் பார்த்ததும் உண்டு, எலிகளில்.

ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 வழிகாட்டுதல் தெளிவானது: ரத்த நோய்களுக்கான எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை போன்றவை தவிர, ஸ்டெம் செல்லை முறையான ஆய்வுக்கு வெளியே நோயாளிக்குத் தரக் கூடாது. ‘ஆய்வு’ என்று சொன்னால் சிடிஆர்ஐ (மருத்துவ ஆய்வுகளுக்கான இந்தியப் பதிவேடு) பதிவு எண் கேளுங்கள். ஆய்வு என்று சொல்லிக்கொண்டே பணமும் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

பரிசோதிக்க அவர் காலைத் தூக்கினால், குதிகாலில் கொப்புளம். எரிச்சலுக்கு இதமாக வெந்நீரில் வைத்தாராம், சூடே தெரியவில்லையாம். கெட்ட நரம்பு எரியவும் செய்யும், மரத்தும் போகும். உங்கள் வீட்டிலும் சர்க்கரைக்காரர் இருந்தால், வெந்நீரை முழங்கையால் தொட்டுப் பார்த்துக் கொடுங்கள், தயவுசெய்து.